பார்த்துவிட்டுப் பூட்டினார்கள்

பல்கலைக்கழகத்தின் இணையதளத்தைப் புதுப்பிக்கிறார்களாம். அதில் எங்கள் துறைக்கு ‘எங்களைப் பற்றி’ என்று ஒரு பக்கம் வேண்டுமாம். துறை என்று சொல்லக்கூடாது, இப்போது அது இதழியல் மற்றும் தொடர்பியல் பள்ளி. அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் உதவிப் பேராசிரியர் தொலைபேசியில் பேசினார். “மேடம், ஆரம்பத்துலேருந்து இருந்தது நீங்க ஒருத்தர்தான். ஒரு அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தா போதும். கொஞ்சம் பாசிட்டிவா இருந்தா நல்லது” என்றார்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். மாலை நேரப் பட்டயப் படிப்பாகத் தொடங்கியது, முதுகலைப் படிப்பானது, ஒலிப்பதிவுக் கூடம் வந்தது, புதுக் கட்டடம் வந்தது, இத்தனை பேர் இந்தந்தப் பத்திரிகைகளில் இருக்கிறார்கள். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் முடித்ததும் சலிப்பாக இருந்தது. அந்தத் துறையின் சரித்திரத்தில் என் மனதில் நிற்கிற ஒரே விஷயம் அந்த அரைப் பக்கத்தில் இல்லை. அதைப் பாசிட்டிவாக எழுதவும் எனக்குத் தெரியாது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

துறை தொடங்கியது ராயபுரத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம், ஒரு பழைய கிடங்கின் மாடியில். முதன்மை வளாகத்தில் இடம் இல்லை என்றார்கள். இதழியல் படிப்புக்கு அங்கே மரியாதை இல்லை என்பதுதான் விஷயம். கீழே மிளகாய் மூட்டைகள், மேலே நாங்கள். மூட்டை இறக்குகிற நாட்களில் வானொலிப் பயிற்சி வகுப்பில் எல்லோரும் தும்முவார்கள். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வாசலில் வரிசை கட்டி நிற்கும். மாணவர்கள் பேட்டி எடுத்துவரும் கேசட்டுகளில் பாதிக்குப் பாதி ஹாரன் சத்தம்தான் இருக்கும்.

நான் ராயபுரத்துக்காரி. ஒரு வாரப் பத்திரிகையில் சில ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தினேன். அதை மூடியதும் இங்கே விரிவுரையாளராகச் சேர்ந்தேன். எப்படிப் பாடம் நடத்துவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. வகுப்பில் புத்தகத் தமிழ் பேசுவேன். படியிறங்கி மீன்காரம்மாவிடம் போய் நின்றால் இன்னா, கீது என்று வாய் தானாக மாறிக்கொள்ளும். இரண்டு வாய் வைத்திருப்பது எங்கள் பக்கத்தில் படித்தவர்கள் எல்லோருக்கும் பழக்கம்.

துறைத்தலைவர் செல்வின் சார். தூத்துக்குடிப் பக்கம் சொந்த ஊர். அண்ணன் தம்பிகள் எல்லாம் வடசென்னையில் மளிகை மொத்த வியாபாரம். இவர் ஒருவர்தான் கல்லாவில் உட்கார மாட்டேன் என்று மதுரையில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவுக்குப் போய், பிறகு வாத்தியார் ஆனவர். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் ஒரு சிவப்புப் பேனா. கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். காது கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கும். அதனாலேயே அவர் திட்டினால் யாருக்கும் மறக்காது.

மாதம் ஒருமுறை மாணவர்களே செய்தி சேகரித்து எழுதும் பயிற்சி ஏடு ஒன்று வந்துகொண்டிருந்தது. அதற்கு ‘அலைவாய்’ என்று அவர்தான் பெயர் வைத்தார். மாணவர்கள் வாயில் அது ‘அல்வா’ ஆகிவிட்டது. “இந்த மாச அல்வா வந்துச்சா மேடம்?” என்று படிக்கட்டில் கேட்பார்கள். அவர் காதில் விழாத மாதிரி போவார்.

அந்த ஏடு தயாராகிற முறையைச் சொல்ல வேண்டும். அச்சகத்தில் வெட்டி மிஞ்சிய காகிதத்தில் ஒரு பக்கம் மட்டும் எழுத வேண்டும். வரிக்கு வரி இடம் விட வேண்டும், ஏனென்றால் அந்த இடம் சாருடையது. எழுதியதை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். அவர் உட்கார்ந்து திருத்த மாட்டார். ஜன்னலோரம் நின்றுகொண்டு, பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தாளைச் சட்டத்தில் வைத்துத் திருத்துவார். திருத்திய தாள் மாணவருக்குத் திரும்பி வராது. நேராகக் கணினியில் அச்சுக் கோக்கும் கடைக்குப் போகும். கடைசி மெய்ப்பையும் அவர்தான் பார்ப்பார். பார்த்ததற்கு அடையாளமாகத் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டால் நானும் தொடக்கூடாது. கோத்து முடிந்ததும் தாள்களைக் கடையிலேயே குப்பையில் போட்டுவிடுவார்கள். ஏன் திருத்தினீர்கள் என்று யாரும் கேட்டதில்லை. அச்சில் வந்த பிறகு பார்த்துத் தெரிந்துகொள் என்பதுதான் அவருடைய பாடத்திட்டம்.

அவர் திருத்துவதில் முக்கியமானது மேற்கோள். மக்கள் பேசியதை மாணவர்கள் பேசியபடியே எழுதி வருவார்கள். அவர் எல்லாவற்றையும் எழுத்துத் தமிழாக்கிவிடுவார். காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவரும் அல்வாவில், மன்னிக்கவும், அலைவாயில், “விலை வீழ்ச்சியால் பெரிதும் பாதிக்கப்பட்டுள்ளோம்” என்றுதான் பேசுவார்.

இதை முதன்முதலில் எதிர்த்துக் கேட்டவள் கௌதமி. வியாசர்பாடியில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் வீடு. அப்பா ரயில்வே பணிமனையில் வேலை. பௌத்தக் குடும்பம். வீட்டுக் கூடத்தில் புத்தர் படம், அதற்குக் கீழே அவள் வாங்கிய பேச்சுப் போட்டிக் கோப்பைகள். வகுப்பில் அவள் ஒருத்திதான் வெளியே பேசுகிற மாதிரியே உள்ளேயும் பேசினாள்.

“சார், அந்த அண்ணன் அப்டி பேசல சார். ‘ரேட்டு பட்த்துகிச்சி, பேஜாரா கீது’ன்னுதான் சொன்னாரு.”

செல்வின் சார் குரலை இறக்கினார். “இந்தப் பாஷையைச் சினிமாவுல சிரிக்கிறதுக்குன்னே வெச்சிருக்கான். நம்ம பேப்பர்லயும் சிரிக்கணுமா?”

“சிரிக்கிறவன் சிரிச்சிட்டுப் போறான் சார். அந்த அண்ணன் படிச்சா இது நான் பேசனதுன்னு தெரியணும்ல.”

அவர் அடுத்த தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டார். பிறகு ஒருநாள் என்னிடம், நான் கேட்காமலே சொன்னார். மதுரையில் சேர்ந்த புதிதில், சொந்த ஊர் உப்பளத் தொழிலாளி ஒருவர் பேசியதை ‘வந்தாவ, போனாவ’ என்று அப்படியே எழுதிக் கொடுத்தாராம். ஆசிரியர் அதை எல்லோருக்கும் முன்னால் ராகம் போட்டு வாசித்தாராம். மொத்த அறையும் சிரித்ததாம். “சிரிச்சது என்னைப் பாத்து இல்ல டீச்சர், அதே மாதிரி பேசுற எங்க அய்யாவைப் பாத்து” என்றார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அவர் செய்தது தவறு என்ற எண்ணமும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு அதே மாடியில் வேலை பார்த்தேன்.

இரண்டாயிரமாம் ஆண்டுக்குக் கொஞ்சம் முன்னால் அந்தச் சம்பவம் நடந்தது. எண்ணூர் முகத்துவாரத்துக்கு அருகே இறால் உரித்து, உறையவைத்து, ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. உரிக்கிற வேலை முழுக்கப் பெண்கள். ஒரு பகல் வேளையில் குளிரூட்டும் அறைக்குப் போகிற அம்மோனியாக் குழாய் விட்டுவிட்டது. கொட்டகைக்குள் புகை நிறைந்தது. பெண்கள் கண் தெரியாமல் தடுமாறி விழுந்தார்கள். முகத்துவாரக்குப்பத்து ஆட்கள் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு ஓடிவந்து அவர்களைத் தூக்கி வெளியே போட்டார்கள். பலர் பிழைத்தார்கள். வசந்தா என்ற பெண் பிழைக்கவில்லை.

கௌதமி மறுநாளே, டேப் ரெக்கார்டருக்குக்கூடக் காத்திராமல், பஸ் பிடித்துப் போனாள். வசந்தாவின் அக்கா அஞ்சலையும் அதே கொட்டகையில் வேலை பார்த்தவள். இருமிக்கொண்டே பேசினாளாம். கொட்டகை வாசலில் மற்றவர்களோடு விழுந்து கிடந்தபடியே, கம்பெனி மேனேஜர் காரில் வந்ததையும், கேட்டருகே நின்றதையும் அவள் பார்த்திருக்கிறாள். ஆள் கூப்பிட்டிருக்கலாம், காரில் நாலு பேரை ஏற்றியிருக்கலாம், ஒன்றும் செய்யவில்லை. பயந்து வாயை மூடிக்கொண்ட மற்றவர்களுக்கு நடுவில் அதைச் சொல்லத் துணிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் சொன்னதைக் கௌதமி அப்படியே எழுதினாள்:

“மேனேஜரும் இன்னொருத்தரும் கேட்டாண்ட வந்தாங்க. நாங்க வியுந்து கெடக்கறத பாத்தாங்க. பாத்துட்டு பூட்டாங்க.”

எங்கள் பக்கத்தில் பூட்டாங்க என்றால் போய்விட்டார்கள். சின்னக் குழந்தைக்குத் தெரியும். அப்பா எங்கே என்று கேட்டால் வேலைக்கு பூட்டாரு என்று சொல்லும்.

தாள் செல்வின் சார் மேசைக்குப் போனது. நான் அந்த வாரம் முழுக்கப் பொன்னேரியில் ஒரு கல்லூரியில் தேர்வு மேற்பார்வைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது ஏடு அச்சாகி வந்துவிட்டது. முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில் தலைப்பு: ‘பார்த்துவிட்டுப் பூட்டினார்கள்.’

கீழே கௌதமியின் பெயர். செய்திக்குள்ளே அஞ்சலை பேசுகிறாள்: “மேலாளரும் மற்றொருவரும் கேட்டருகே வந்தார்கள். நாங்கள் விழுந்து கிடப்பதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் பூட்டினார்கள்.”

கேட் என்ற சொல் முன்னால் இருக்கிறது. பூட்டு என்ற சொல் பின்னால் இருக்கிறது. தூத்துக்குடிக்காரருக்குச் சந்தேகமே வரவில்லை. உள்ளே மனுஷர்கள் செத்துக்கொண்டிருக்க, வெளியே பூட்டினார்கள் என்றுதான் அவர் வாசித்தார். வாசித்து மனம் கொதித்துத்தான் அந்தத் தலைப்பை வைத்தார். அவர் வாழ்நாளில் வைத்த தலைப்புகளில் அதுதான் சிறந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். நடக்காத ஒன்றுக்கு வைத்த தலைப்பு.

கௌதமி ஏட்டைக் கையில் பிடித்துக்கொண்டு படிக்கட்டிலேயே என்னைப் பிடித்தாள். “மேடம், இத்த பாருங்க. அந்தக்கா இத்த சொல்லவே இல்ல.” அழவில்லை, முகம் வெளுத்திருந்தது. அவளை அழைத்துக்கொண்டு சார் அறைக்குப் போனேன். யாரோ பாராட்டி எழுதியதை வாசித்துக்கொண்டிருந்தார். நான் தலைப்பைக் காட்டினேன்.

“சார், பூட்டாங்கன்னா என்ன அர்த்தம்?”

“பூட்டுனாங்கன்னு அர்த்தம். வேற என்ன?”

“போயிட்டாங்கன்னு அர்த்தம் சார்.”

பேனா மூடி அவர் பல்லில் இருந்தது. அதை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு கௌதமியைப் பார்த்து, “நீ எழுதும்போதே போய்விட்டார்கள்னு எழுதியிருக்கலாமே” என்றார். அவரே தலையைக் குனிந்துகொண்டு, “அடுத்த இதழ்ல திருத்தம் போட்டுருவோம்” என்றார்.

அடுத்த இதழ் வரவே இல்லை. விபத்தை விசாரிக்க அரசு ஓர் அதிகாரியை நியமித்திருந்தது. அந்த விசாரணையில் அஞ்சலை போய், மேனேஜர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார் என்று சாட்சி சொன்னாள். மேனேஜர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்பது கம்பெனியின் வாதம். அவர்களுடைய வக்கீல் எழுந்து அலைவாயை எடுத்து விரித்தார். இந்த அம்மா பத்திரிகையில் பூட்டினார்கள் என்று சொல்லியிருக்கிறார், இங்கே போனார்கள் என்கிறார், எது உண்மை? அந்த கேட்டில் பூட்டே கிடையாது, துருப்பிடித்துச் சுவரில் சாய்ந்து கிடக்கிற கேட், குப்பத்து ஆட்கள் அதன் வழியாகத்தான் உள்ளே போனார்கள். பூட்டே இல்லாத கேட்டைப் பூட்டியதாகச் சொல்கிறவர், வராத மனிதரை வந்ததாகவும் சொல்வார். அவ்வளவுதான். ஒரே சாட்சி பொய்ச்சாட்சி ஆனாள்.

அஞ்சலை எங்கள் மாடிக்கு வந்தாள். மீன் கூடையைக் கீழே மிளகாய் மூட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மூச்சு வாங்க மேலே ஏறி வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஏட்டை நாலாக மடித்து இடுப்பில் செருகியிருந்தாள்.

“இதுல இன்னா எயுதிகீறீங்க டீச்சர்? அந்த வக்கீலு என்னிய பொய்க்காரின்றான். அத்தினி பேருக்கு முன்னால. நான் பொய் சொன்னேனா? கௌதமி, நீ சொல்லு, நான் உன்னாண்ட இன்னா சொன்னேன்?”

“பூட்டாங்கன்னு சொன்னீங்கக்கா.”

“அத்தானே சொன்னேன். பூட்டாங்க. அப்பால இன்னா?”

நான் விளக்கினேன். விளக்கும்போது என் வாய் தானாக அவள் வாயாக மாறியது. அவள் கேட்டு முடித்துவிட்டு, செல்வின் சார் அறைக் கதவைப் பார்த்தாள். கதவு திறந்துதான் இருந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உள்ளே நின்றிருந்தார்.

“எனுக்கு ஒண்ணும் வேணாம்” என்றாள். “அந்த ஆபீசராண்ட வந்து சொல்லுங்க. அவ ஒழுங்காத்தான் சொன்னா, நாங்கதான் தப்பா போட்டோம்னு. எந்தங்கச்சி செத்துட்டா. அவங்க பாத்தாங்க. நான் கண்ணால பாத்தேன். இப்ப ஊருல நான் பொய்க்காரி.”

வரேன் என்று சொன்னது நான். சார் அறையை விட்டு வெளியே வரவில்லை.

நான் மட்டும் போய்ச் சொல்வதால் ஒன்றும் ஆகாது என்று இரண்டு நாளில் தெரிந்தது. கம்பெனி பல்கலைக்கழகத்துக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருந்தது. பதிவாளர் எங்கள் மூவரையும் முதன்மை வளாகத்துக்கு வரவழைத்தார். நல்ல மனிதர்தான். தண்ணீர் கொடுக்கச் சொன்னார், ஆனால் எல்லாவற்றையும் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தார். மாணவி தவறாகக் கேட்டு எழுதிவிட்டார் என்று ஒரு கடிதம். மாணவியைப் படிப்பிலிருந்து நீக்கியதாக ஓர் உத்தரவு. ஏட்டை நிறுத்தியதாக ஓர் அறிவிப்பு. மூன்றையும் காட்டினால் கம்பெனி நோட்டீஸைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாம்.

“ஸ்டூடண்ட்தானே. வேற எங்கயாவது சேந்துக்கலாம்” என்றார்.

“நான் தப்பா கேக்கல சார்” என்றாள் கௌதமி.

“அதுக்கு ஆதாரம் இருக்காம்மா? நீ எழுதின காகிதம் எங்கே?”

அதுதான் குப்பைக்குப் போய்விட்டதே. அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மாற்றியது யார் என்று அடித்துச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான். அவர் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கௌதமி தவறாகக் கேட்டாள் என்று எழுதிவிட்டால், அவள் படிப்பு போவது மட்டுமில்லை, அஞ்சலை உண்மையில் என்ன சொன்னாள் என்பது யாருக்குமே தெரியாது என்று ஆகிவிடும். அவள் பொய்க்காரியாகவே இருப்பாள். இதை நான் சொன்னேன். பதிவாளர், “மேடம், நாம யூனிவர்சிட்டி. கேஸ் நடத்துறவங்க இல்ல” என்றார்.

மூன்று பேரும் பஸ்ஸில் திரும்பினோம். எனக்கு அவர்மேல் வந்த வெறுப்பு இன்னும் மறக்கவில்லை. வள்ளலார் நகரில் இறங்கும்போது, “சார், உங்க அய்யாவைப் பாத்து சிரிச்சாங்கன்னு சொன்னீங்களே, இந்தம்மாவைப் பொய்க்காரின்னே சொல்றாங்க” என்று மட்டும் சொன்னேன். அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை.

விசாரணை மறுபடி கூடிய நாளில் நானும் கௌதமியும் போனோம். அரசு அலுவலகம் ஒன்றின் முதல் மாடி. மின்விசிறிக்குக் கீழே நீள மேசை, அதிகாரி, தட்டச்சர், கம்பெனி வக்கீல். அஞ்சலை சுவரோரம் நின்றிருந்தாள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. நாங்கள் பேசத் தொடங்குவதற்குள் செல்வின் சார் உள்ளே வந்தார். யாரிடமும் சொல்லாமல், தனியாக வந்திருந்தார். பதிவாளரின் கடிதத்தில் கையெழுத்துப் போடாமலே வந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதிகாரி முன்னால் போய் நின்றார். “மாணவி சரியாத்தான் கேட்டா. சரியாத்தான் எழுதினா. மாத்தினது நான்” என்றார். குரல் அடியில் கிடந்தது. அதிகாரி சத்தமாகச் சொல்லச் சொன்னார். இரண்டாம் முறை சொன்னார்.

வக்கீல் விடவில்லை. “சார், நீங்க தமிழ்ப் பத்திரிகையில இருந்தவர். பத்திரிகைத் தமிழ் சொல்லிக் கொடுக்கறவர். பூட்டாங்கன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னா நாங்க நம்பணுமா?”

“தெரியாது.”

“ராயபுரத்துல இத்தனை வருஷம் இருக்கீங்க. தெரியாது?”

“தெரியாது.”

“தெரியலைன்னா எழுதின மாணவிகிட்ட கேட்டிருக்கலாமே.”

செல்வின் சார் சட்டைப் பையைத் தடவினார். பேனா இல்லை. “கேக்கணும்னு தோணலை” என்றார். “நான் யார்கிட்டயும் கேட்டதில்ல.”

பிறகு அவர் திரும்பி, அஞ்சலையைப் பார்த்து, அதுவரை நான் அவர் வாயில் கேட்டிராத அவருடைய ஊர்ப் பேச்சில், “நீங்க சரியாத்தாம்மா சொல்லியிருக்கிய. நாந்தான் கெடுத்துட்டேன்” என்றார். அஞ்சலை தலையாட்டினாள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு அதற்கு நேரம் இல்லை. அதிகாரி பக்கம் திரும்பி, “இப்ப நான் சொல்றத எயுதிக்கோ சார்” என்றாள். மேனேஜர் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார், கர்ச்சீப்பை எந்தக் கையால் மூக்கில் வைத்தார், காரை எப்படித் திருப்பினார் எல்லாம் சொன்னாள். அதைக் கேட்ட பிறகு, வாய் மூடியிருந்த இரண்டு பெண்கள் நாங்களும் பார்த்தோம் என்று முன்னால் வந்தார்கள்.

கௌதமியை நீக்கவில்லை. செல்வின் சாரைத் துறையிலிருந்து எடுத்து, தொலைநிலைக் கல்விப் பிரிவில் பாடப் புத்தகம் திருத்தப் போட்டார்கள். யாருமே பேசாத புத்தகங்கள். அங்கிருந்தே ஓய்வு பெற்றார். அலைவாய் தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது என்று சுற்றறிக்கை வந்தது. அந்தத் தற்காலிகம் இன்னும் முடியவில்லை. பொறுப்புத் துறைத்தலைவராக என்னை உட்கார வைத்தார்கள். எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன் பேசியவரிடமே போய் வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவந்தேன். அச்சிட ஏடே இல்லாத துறையில் அந்த விதி பயிற்சிக் கட்டுரைகளுக்கு மட்டும் கொஞ்ச காலம் ஓடியது. பிறகு நேரம் இல்லை என்றார்கள். பஸ் காசு யார் கொடுப்பது என்றார்கள். எனக்கும் சண்டை போட்டு அலுத்துவிட்டது. கிடங்கைக் காலி செய்து புதுக் கட்டடத்துக்குப் போனோம், பள்ளி ஆனோம், நான் ஓய்வு பெற்றேன்.

விசாரணையின் முடிவு வர ஓர் ஆண்டுக்கு மேல் ஆனது. கௌதமி அப்போது படிப்பை முடித்து ஒரு நாளிதழில் சேர்ந்திருந்தாள். உத்தரவின் நகலை அவள்தான் வாங்கி வந்தாள். இரண்டு பேருமாக முகத்துவாரக்குப்பம் போனோம். அஞ்சலை எறா கம்பெனி வேலையை விட்டுவிட்டு, தெருமுனையில் மீன் அறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இருமல் நிற்கவே இல்லை.

கௌதமி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வாசித்தாள். சாட்சி அஞ்சலையின் வாக்குமூலம் நம்பத்தகுந்தது என்று அதில் இருந்தது. அந்த வரியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். மேனேஜர் சம்பவ இடத்துக்கு வந்தது உறுதியாகிறது என்றும் இருந்தது. அதற்கும் தலையாட்டினாள். கடைசி வரிக்கு வந்தோம். நிர்வாகத்தின் கவனக்குறைவே உயிரிழப்புக்குக் காரணம்.

“அப்டின்னா?”

“கவனம் இல்லாம இருந்துட்டாங்களாம்க்கா” என்றாள் கௌதமி.

அஞ்சலை அரிவாள்மனையிலிருந்து கையை எடுத்தாள். “யாரு, அவங்களா?” என்றாள். “என் மூஞ்சிய பாத்தாங்க. வசந்தா மூஞ்சிய பாத்தாங்க. ஒவ்வொருத்தியா பாத்தாங்க. நல்லா கவனமாத்தான் பாத்தாங்க, கௌதமி. பாத்துட்டுத்தான் பூட்டாங்க.”